வேன் வண்டியும் அதன் நான்கு சக்கரங்களும்

வெளியூர் வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேன் வண்டி இன்று இன்றியமையாத துணையாகிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கு வேன். ஊரிலிருந்து பெற்றோர் மூட்டை முடிச்சுகளுடன் தாதர் நிலையத்தில் வந்திறங்கினால் அவர்களை அழைத்து வர வேன். திருமணமாயினும் வளைகாப்பாயினும், நாசிக், ஷீரடி முதலிய தலங்களுக்குச் செல்வதாயினும் வேன். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு, புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு புறப்படும் இன்பம் வேறெதில் உண்டு?

வண்டியை அமர்த்தும்போது நாம் கேட்கும் கேள்விகள் மூன்று. வாடகை எவ்வளவு? எத்தனை பேர் அமரலாம்? குளிர்சாதனம் உண்டா? இவற்றோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. சற்றே குனிந்து சக்கரத்தைப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்? தேர் பெரிதாயினும் அதை நிலைநிறுத்துவது சிறிய அச்சாணியே என்பதை வள்ளுவர் பெருமான் என்றோ உணர்த்திச் சென்றார். குறளை மனப்பாடம் செய்த நாமும் சக்கரத்தைக் குனிந்து பார்த்ததில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள் மாலை நேர்ந்த நிகழ்ச்சிதான் நம்மைக் குனிய வைத்தது.

கசாரா மலைப்பாதையில்

நாம் கலியாணில் இரயில்வே அலுவலகமொன்றில் எழுத்தர் பணி புரிபவர். மெட்ரிகுலேஷன் வரையே படித்தவர். மோட்டார் நூல் எதுவும் முறையாகப் பயின்றதில்லை. ஆகவே இக்கட்டுரையில் நாம் கூறுவன பட்டும் கேட்டும், பின்னர் படித்தும் தெரிந்துகொண்டவையே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அன்று ஷீரடி தரிசனம் முடித்து இகத்புரி வழியாகக் கலியாணுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டுநருடன் சேர்த்துப் பெரியவர் அறுவர், சிறுவர் நால்வர். இருக்கைக்கடியிலும் பின்புறத்திலும் பைகள். வண்டியின் உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. நம் தெருவில் வளர்ந்த நெல்லைச் சீமைத் தம்பி. கடன் வாங்கி வண்டி எடுத்து, கௌரவமாகப் பிழைப்பவர். புகை, மது என்ற பேச்சே கிடையாது. வேகமும் மிதமானதே.

இகத்புரிக்கும் கசாராவுக்கும் இடைப்பட்ட இறக்கத்தை இரயில்வேக்காரர் நன்கறிவர். அங்கு இருப்புப்பாதை 37 அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது. ஏறும் வண்டிகளுக்குப் பின்னால் துணை எஞ்சின் கொடுத்துத் தள்ளும் இடம் அது. சாலையும் அவ்வாறே வளைந்து வளைந்து இறங்குகிறது. அன்று மழை கொட்டிற்று. ஒரு வளைவில் தம்பி பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான், வண்டியின் பின்பாகம் தானாக வெளிப்புறம் நோக்கி நகரத் தொடங்கியது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி சற்றுப் பொறுத்தே கேட்டது. பின்பு கேட்க வேண்டியதற்கு மேலாகவே கேட்டு மறுபக்கம் ஆடியது. இரண்டு மூன்று முறை இவ்வாறு ஆடி, மலைப்பக்கத்து மண்மேட்டில் உராய்ந்து நின்றது. எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கு. பின்னால் வந்த லாரிக்காரர் நல்லவேளையாகத் தொலைவு விட்டு வந்தார்.

எவருக்கும் காயமில்லை. ஆயினும் நம் இளைய மகள் அன்னையின் சேலைத் தலைப்பைப் பற்றிய கையை வீடு வந்து சேரும்வரை விடவில்லை. தம்பியோ ஸ்டியரிங்கின்மேல் தலை கவிழ்த்து, "அண்ணாச்சி, நான் வேகமாப் போகலையே, நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது மெய். குறை வேகத்திலன்று, சக்கரத்தில் இருந்தது.

அழகுக்கு வாங்கிய சக்கரம்

அப்பயணத்துக்கு இரண்டு திங்கள் முன்புதான் தம்பி தம் வண்டியின் சக்கரங்களை மாற்றியிருந்தார். தொழிற்சாலையில் பூட்டி வந்த இரும்பு ரிம்களும் ஒடுங்கிய டயர்களும் பார்வைக்கு எளியனவாக இருந்தன. பக்கத்துத் தெரு வேன் ஒன்று பளபளக்கும் அலாய் ரிம்மும் பருத்த டயரும் பூண்டு நின்றது. வாடிக்கைக்காரர் அதனையே தேடினர். ஆகவே இவரும் ஏற்கெனவே ஒரு காரில் ஓடிய ரிம்களையும் டயர்களையும் சல்லிசாகக் கிடைத்தனவென்று வாங்கிப் பூட்டிக்கொண்டார். வண்டி மிடுக்காகத் தோன்றியது. நாமும், "ஏ தம்பி, வண்டி புதுசு மாதிரி இருக்கே!" என்று மெச்சினோம். மெச்சியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் வண்டியை டயர்க் கடைக்குக் கொண்டு சென்றபோது உடன் சென்றோம். கடைக்காரர் கேரளத்துப் பெரியவர். பல்லாண்டுகளாகப் பஞ்சர் ஒட்டித் தேய்ந்த கைகள். அவர் டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துவிட்டு, எழுத்துகளைப் படித்தார். பின்பு நம்மைப் பார்த்து, "சாரே, இது கார் டயர். வேன் கட்டுற டயர் இல்லை. இந்த ரப்பர் வெறும் தோல். பாரத்தை எடுக்கிறது உள்ளே இருக்கிற காற்று. தோலுக்கு வலு இருந்தால்தானே காற்றைத் தாங்கும்?" என்றார். அன்று அவர் கடை வாசலில் கற்ற பாடத்தையே இங்கு விரித்துரைக்கிறோம்.

உள்ளங்கையளவு நிலம்

இரயில் பெட்டியின் சக்கரத்துக்கு விளிம்பு உண்டு. தண்டவாளத்தின்மேல் உருளும் பகுதியும் சற்றே கூம்பு வடிவில், 20-க்கு 1 என்னும் சரிவில் கடையப்பட்டிருக்கும். ஆகவே பெட்டி தானாகவே பாதையின் நடுவை நாடிச் செல்லும்; தவறினாலும் விளிம்பு தடுக்கும். வேனுக்கு அத்தகைய காவல் எதுவுமில்லை. தார்ச்சாலைக்கும் டயருக்கும் இடையிலுள்ள பிடிப்பு ஒன்றே அதனைப் பாதையில் வைத்திருக்கிறது.

அப்பிடிப்பு எவ்வளவு இடத்தில் நிகழ்கிறது? ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கையளவுதான். நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. வண்டி ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் இந்நான்கு உள்ளங்கைகளின் வாயிலாகவே. பத்து உயிர்கள் அமர்ந்த வண்டி இவ்வளவு சிறிய நிலத்தைப் பற்றிக்கொண்டு மலையிறங்குகிறது என்பதை நினைக்கும்போது, டயரின் இலக்கணத்தைச் சிறிதேனும் அறிந்திருப்பது நம் கடமை என்பது விளங்கும்.

மேலும், வேன் காரைப் போன்றதன்று. அது உயரமானது, அகலத்தில் குறுகியது. பாரத்தின் மையம் மேலே இருக்கிறது. காலியாக ஓடும்போதைய எடைக்கும் ஆள் நிரம்பிய எடைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. அதன் பக்கச்சுவர் பாய்மரம் போன்றது. மழைக்காலத்தில் வாஷிக் கழிமுகப் பாலத்தின்மேல் குறுக்குக் காற்று வீசும்போது வேன் அசைவதைப் பயணம் செய்தோர் உணர்ந்திருப்பர். இக்காரணங்களால், காருக்குச் சிறு பிழையாக முடியும் டயர்த் தவறு வேனுக்குப் பெரும் பிழையாகிவிடுகிறது.

டயரில் எழுதியிருப்பதென்ன?

தம்பியின் வண்டிக்கு உற்பத்தியாளர் விதித்த டயரில் '165 ஆர் 14 எல்.டி. 8 பி.ஆர்.' என்றும், '97/95' என்றும் பொறிக்கப்பட்டிருந்தது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 'ஆர்' என்பது ரேடியல் வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 'எல்.டி.' என்பது இலேசான சரக்கு வண்டிக்குரியது என்னும் குறி. சில டயர்களில் இதற்கு 'சி' என்னும் எழுத்து வரும். '8 பி.ஆர்.' என்பது டயர்ச் சுவரின் வலுவைக் குறிக்கும் தரம். 97 என்பது ஒரு டயர் சுமக்கத்தக்க எடையின் குறியீடு. அதற்குரிய எடை 730 கிலோ. அடுத்து வரும் 95, லாரிகளைப்போல் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் பூட்டும்போது கொள்ள வேண்டிய கணக்கு.

அவர் மாற்றிப் பூட்டிய டயரிலோ '195/60 ஆர் 14 86 எச்' என்றிருந்தது. அகலம் 195. அடுத்துள்ள 60, டயர்ச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு என்பதைக் காட்டுவது. 86 என்னும் குறியீட்டுக்கு எடை 530 கிலோ. 'எச்' என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையிலான வேகத்துக்குத் தகுந்தது என்னும் குறி. பழைய டயர் 730 கிலோ சுமந்தது. புதிய டயர் 530 கிலோதான் சுமக்கும். சக்கரத்துக்கு 200 கிலோ வலுவைக் கொடுத்துவிட்டு, நம் சாலையில் என்றும் ஓட முடியாத வேகத்தை அவர் வாங்கி வந்தார்!

அன்று நாம் ஏறிய வண்டியின் எடையைத் தோராயமாகக் கணக்கிட்டோம். வெறும் வண்டி ஏறத்தாழ 1,100 கிலோ, ஆட்கள் 500 கிலோ, பைகள் 100 கிலோ, மொத்தம் 1,700. இதில் பத்தில் ஆறு பங்கு பின்சக்கரங்களின்மேல் விழுவதாகக் கொண்டால், பின்டயர் ஒவ்வொன்றுக்கும் 510 கிலோ. எல்லையோ 530. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கத்து டயருக்கு மேலும் பாரம் ஏறும். அப்போது எல்லை கடந்துவிடுகிறது. அதுவும் காற்று முழு அளவில் இருந்தால்தான் அந்த 530; குறைந்தால் சுமக்கும் வலுவும் குறையும். அன்று டயரில் காற்றும் குறைவாகவே இருந்தது.

சுவர் வலுவற்ற டயர் அதிகப் பாரத்தால் நசுங்கும்போது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் வளைவது டயரின் சுவரே. வண்டி அதன் பிறகுதான் திரும்புகிறது. வளைந்த சுவர் மீளும்போது வண்டியை மறுபக்கம் தள்ளுகிறது. தாமதமாகச் சொல் கேட்டு, பின் ஒரேயடியாகப் பாயும் எருதைப்போல் அன்று வண்டி நடந்துகொண்டதன் காரணம் இதுவே. அத்துடன், ஓயாமல் நசுங்கி நிமிரும் டயர் உள்ளே சூடேறும். நெடுந்தொலைவில் அச்சூடே டயரை வெடிக்கச் செய்துவிடும்.

பருத்த டயர் நல்லதன்றோ?

'அகலமான டயர் தரையை அதிகமாகப் பிடிக்குமே' என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் அவ்வாறே கேட்டோம். உலர்ந்த, சமமான சாலையில் வளைவில் திரும்பும்போது அகலம் ஓரளவு உதவுவது உண்மை. ஆனால் தேங்கிய நீரில் நிலைமை வேறு. டயரின் பள்ளக் கோடுகள் நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய நீரும் கூடுகிறது. கோடுகள் தேய்ந்திருந்தாலும், காற்றுக் குறைந்திருந்தாலும், நீர் டயரின் அடியில் புகுந்து அதனைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதவையே. முழுவதும் தூக்குவதற்கு வேகம் தேவை; எனினும், அதற்கு முன்பே பிடிப்புத் தளர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே காரில் ஓடித் தேய்ந்த அகல டயர்களும் கொங்கண மழையும் ஒன்று சேர்ந்தால் வேறென்ன நிகழும்?

லாரிகள் ஓடிப் பள்ளம் விழுந்த சாலையில் பருத்த டயர் அப்பள்ளத்தின் போக்கிலேயே இழுபடும். ஸ்டியரிங் கனக்கும். இவையெல்லாம் தம்பி இரண்டு திங்களாக உணர்ந்தவையே. 'புதுச் சக்கரம், பழகிவிடும்' என்று எண்ணியிருந்தார்.

ரிம்மின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. ரிம்மை வண்டியோடு நட்டு கொண்டு பூட்டும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உள்ளது என்பது ஓர் அளவு. அவ்வளவு மாறினால் சக்கரம் வெளியே துருத்தி நிற்கும். தம்பியின் வண்டியில் இரண்டு விரற்கடை வெளியே நின்றது. பார்வைக்கு அதுவே மிடுக்கு. ஆனால் முன்சக்கரம் எதை ஊன்றித் திரும்புகிறதோ அப்புள்ளியிலிருந்து டயர் விலகிவிட்டால், ஒவ்வொரு குழியும் நெம்புகோல்போல் ஸ்டியரிங்கைப் பிடுங்கும். ஒருபக்கச் சக்கரம் நீரில் இறங்கினால் வண்டி அப்பக்கம் இழுக்கும். பேரிங்கும் விரைவில் தேயும்.

சக்கரத்தின் மொத்த விட்டத்தையும் கவனிக்க வேண்டும். பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 622 மில்லிமீட்டர். மாற்றியதன் விட்டம் 590. நூற்றுக்கு ஐந்து குறைவு. மீட்டர் 60 கிலோமீட்டர் வேகம் காட்டினால் உண்மையில் 57-தான். இதில் ஆபத்தில்லையே எனலாம். விட்டம் கூடிய டயரைப் பூட்டுவோருக்கோ மீட்டர் குறைத்துக் காட்டும்; தாம் எவ்வளவு விரைகிறோம் என்பதே தெரியாமல் விரைவர்.

அலாய் ரிம்மே தீது என்று நாம் கூற வரவில்லை. வண்டிக்குரிய அளவிலும் வலுவிலும் அமைந்த நல்ல அலாய் ரிம் எடை குறைந்ததாயின் சக்கரம் மேடுபள்ளத்தில் எளிதாக ஏறியிறங்கும். ஆனால் குழியில் விழுந்தால் இரும்பு ரிம் நெளியும்; தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் விரிசல் விடக்கூடும். சுமை ஏற்றும் வண்டிகளுக்கு இரும்பு ரிம் கொடுத்திருப்பது கஞ்சத்தனத்தால் மட்டுமன்று.

காற்றே முதற் பொருள்

டயரில் நிரப்ப வேண்டிய காற்றின் அளவு பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் கதவுப் பக்கத்துத் தகட்டில் எழுதப்பட்டிருக்கும். முன்சக்கரத்துக்கு ஓரளவு, பின்சக்கரத்துக்கு ஓரளவு. ஆள் நிரம்பினால் வேறோர் அளவு. இது அந்த வண்டிக்கு விதித்த டயருக்கான கணக்கு என்பதையும் மறக்கலாகாது. வேனுக்குரிய எல்.டி. டயர் கார் டயரைவிட அதிகப் பவுண்டு காற்றைத் தாங்கவல்லது. அதனாலேயே அதிகப் பாரத்தையும் சுமக்கிறது.

காற்றுக் குறைந்தால் டயரின் இரு ஓரங்கள் தேயும்; வண்டி வளைவில் தள்ளாடும்; சூடேறும்; எண்ணெய்ச் செலவும் கூடும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும். உள்ளங்கை இன்னும் சுருங்கும். வண்டி மேட்டில் குதிக்கும். காற்றை அளக்க வேண்டியது காலையில், டயர் குளிர்ந்திருக்கையில். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவோர் உண்டு, அது பெருந்தவறு.

வாரம் ஒருமுறை காற்றை அளப்பதற்கு ஆகும் நேரம் ஒரு குவளைத் தேநீர் அருந்தும் நேரமே. பின்புறத்தில் மறைந்து கிடக்கும் ஸ்டெப்னியையும் அப்போது அளந்துவிட வேண்டும். ஆபத்து வேளையில் எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லை என்னும் கதை நம்மவர் பலருக்கும் நேர்ந்ததே.

இணை பிரியலாகாது

நம் அலுவலகப் பதிவேடுகளில் சக்கர அளவுகள் வரும். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் விட்டம் மிக மிகச் சிறிய அளவே வேறுபடலாம். மிஞ்சினால் அந்த அச்சு பட்டறைக்குச் செல்ல வேண்டும். அவ்வளவு கண்டிப்பு இருப்புப்பாதையில். சாலையிலோ, ஒரே அச்சில் ஒருபுறம் புத்தம் புதிய டயரும் மறுபுறம் வழுக்கை டயரும் பூட்டி ஓட்டுவதைக் காண்கிறோம். பிரேக் பிடிக்கும்போது இவ்வண்டி ஒருபக்கம் இழுப்பதில் வியப்பில்லை.

கடைகளில் 'நைலான்' என்று வழங்கும் பழைய வகை டயரில் உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். ரேடியல் வகையில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்ல, மேற்பகுதியை எஃகுப் பட்டை இறுக்கும். இவ்வகைக்கு 1946-இல் பிரான்சு நாட்டின் மிஷ்லின் நிறுவனம் காப்புரிமை கோரிற்று. இவ்விரண்டும் வளைவில் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஆகவே இரண்டையும் ஒரே வண்டியில் கலத்தல் தகாது. ஒரே அச்சில் கலத்தல் ஒருபோதும் தகாது.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்க வசதியிருந்தால் எங்கே பூட்டுவது? 'ஸ்டியரிங் முன்சக்கரத்தில்தானே, முன்னால் பூட்டு' என்பதே பலரின் எண்ணம். பெரியவர் இதனை மறுத்தார். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே செல்லும்; ஓட்டுநர் அதனை உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி சுழன்றுவிடும். தேர்ந்த ஓட்டுநரும் திகைப்பார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னே சாய்ந்து, பின்சக்கரம் பிடிப்பிழக்கும். ஆகவே நல்ல இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும். கசாரா வளைவில் நமக்கு நேர்ந்தது பின்சக்கரம் வழுக்கியதே.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

தாய்மார்களும் எளிதில் பார்த்துக்கொள்ளத்தக்க சில அடையாளங்களைக் கூறுகிறோம்.

முதலாவது, டயரின் கோடுகள். மோட்டார் வண்டி விதிகளின்படி நாற்சக்கர வண்டியின் டயர்க் கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. கோடுகளுக்கிடையே குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அம்மேடுகளுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் அவ்வெல்லை வரும்வரை காத்திராமல் முன்பே மாற்றுவதே அறிவுடைமை.

இரண்டாவது, டயரின் வயது. பக்கச்சுவரில் ஒரு வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். கோடுகள் ஆழமாயிருந்தும் வெயிலில் நின்று நின்று சுவரில் வெடிப்பு விழுந்த டயர் நம்பத்தக்கதன்று.

மூன்றாவது, சக்கரம் வண்டியின் உடலுக்கு வெளியே துருத்துகிறதா என்பது. துருத்தினால் அது அவ்வண்டிக்குப் பிறந்த சக்கரமன்று.

நான்காவது, ஆள் ஏறியபின் பின்டயர் பிதுங்கி நிற்கிறதா என்பது. பிதுங்கினால் புறப்படுமுன் காற்றடிக்கச் சொல்லலாம். மேல்கூரையில் மூட்டை அடுக்குவதையும் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே உயரமான வண்டியின் பாரத்தை இன்னும் மேலேற்றுவது அது.

ஐந்தாவது, ஓடும்போது ஒரு குறித்த வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் சக்கரத்துக்குப் பேலன்சிங் தேவை. நேர்ச்சாலையில் வண்டி ஒருபக்கம் இழுத்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஓட்டுநரிடம் இதனை இன்சொல்லால் எடுத்துச் சொல்லலாம்.

யார் மேல் குற்றம்?

இனி நாம் சொல்லவிருப்பதே இக்கட்டுரையின் நோக்கம். டயர்க் கடையிலிருந்து திரும்பும் வழியில் தம்பியைச் சற்றுக் கடிந்து பேசினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அண்ணாச்சி, வேன் டயர் நாலும் புதுசாப் போடணும்னா என் கையில காசு இல்ல. பழைய டயர் தேஞ்சு போச்சு. இது ரிம்மோட சல்லிசாக் கெடச்சுது. ஷீரடிக்கு நான் கேட்ட வாடகையில ஐந்நூறு ரூபாய் நீங்கதான் கொறச்சீக" என்றார்.

நமக்கு நா எழவில்லை. ஆம், குறைத்தது நாமே. பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் மிச்சப்படுத்திய சாமர்த்தியத்தை வீட்டிலும் சொல்லிப் பெருமைப்பட்டோம். அந்தப் பணம் யாருடைய பாதுகாப்பிலிருந்து மிச்சமாயிற்று? நம் பிள்ளைகளின் காலடியில் உருண்ட டயரிலிருந்தல்லவோ!

அவ்வார ஞாயிறன்று ஐந்து குடும்பங்களும் கூடிப் பேசினோம். வரும் திங்கள்களில் அமர்த்தவிருந்த பயணங்களுக்கான வாடகையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தோம். தம்பியின் மாமா வீட்டு மாடியில் கிடந்த பழைய இரும்பு ரிம்கள் இறங்கி வந்தன. பழைய டயர்களுள் பெரியவர் தேறும் என்று சொன்ன இரண்டும் முன்னால். அதே அளவும் தரமும் உள்ள புதிய எல்.டி. டயர்கள் இரண்டும் பின்னால். அலாய் ரிம்களைத் தம்பி விற்றுவிட்டார். நாம் கொடுத்த முன்பணம் நான்கு பயணங்களில் கழிந்துவிட்டது.

ஆகஸ்டுத் திங்களில் அதே வண்டியில் அதே மலைப்பாதையில் மீண்டும் இறங்கினோம். அன்றும் மழைதான். தம்பி மேலிருந்தே கியரைக் குறைத்து, பிரேக்கைப் பலமுறை மிதிக்காமல் இறக்கினார். காலியாக ஓடும்போது வண்டி முன்பைவிடச் சற்றுக் கடினமாகக் குலுங்குகிறது என்பது உண்மை; வலுத்த டயரின் இயல்பு அது. ஆனால் ஆள் நிரம்பிய வண்டி வளைவுகளில் தள்ளாடவில்லை. லாரித் தடங்களின் போக்கில் இழுபடவில்லை. திருப்பினால் உடனே திரும்பிற்று. முன்பு உராய்ந்து நின்ற மண்மேட்டைக் கடந்தபோது எவரும் எதுவும் பேசவில்லை. நம் இளைய மகள் மட்டும் அன்னையின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

அன்பர்களே! வேன் ஓட்டும் தம்பிமார் பலர் நம்மவரே. அவர்கள் பிழைப்பும் நம் பிள்ளைகளின் உயிரும் ஒரே அச்சில் பூட்டிய இரு சக்கரங்கள். அடுத்த முறை வேன் அமர்த்தும்போது, "டயர் எப்போது மாற்றினாய், தம்பி?" என்று ஒரு சொல் கேளுங்கள். நல்ல டயர் பூட்டி வைத்திருப்பவரிடம் வாடகையில் பேரம் பேசாதீர்கள். குளிர்சாதனம் இல்லாவிடினும் ஊர் போய்ச் சேரலாம். சக்கரம் சரியில்லாவிடின் சேர்வது அரிது.

புறப்பட்ட குடும்பங்கள் யாவும் நலமே வீடு திரும்புக!